மல்லிகா அக்காவின் சுருதி

மல்லிகா அக்கா கையில் மைக்கோடு சிரித்ததை நான் கடைசியாகப் பார்த்தது கல்வராயன் மலையில்தான். வெள்ளிமலையைத் தாண்டி ஒரு சிற்றூரில் அம்மன் கோயில் திருவிழா. தகரக் கொட்டகை போட்ட மேடை. மதியம் சாப்பாட்டுக்குப் பின் தொடங்கிய கச்சேரி.

மலையில் எங்களுக்கு எப்போதும் பகல் கச்சேரிதான். சாயங்காலம் ஆகிவிட்டால் பனி இறங்கி ஸ்பீக்கர் பெட்டியெல்லாம் நனைந்துவிடும். இருட்டுவதற்குள் வேனும் கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டியாக வேண்டும். அன்றைக்கு வானம் மூடிக்கொண்டு இருந்தது. ஈரச் சாக்கு வாசனையும் ஜெனரேட்டர் புகையும் மேடைக்குப் பின்னால் கொதிக்கிற சாம்பார் வாசனையும் கலந்து வந்தன.

தணிகாசலம் அண்ணன் பல்லவியின் முதல் வரியைப் பாடினார். ரொம்ப நாளாகக் கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல் கேட்டுக்கொண்டிருந்த அவர் குரல் அன்றைக்குக் கணீரென்று வந்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெரியவர்கள் நிமிர்ந்தார்கள். அக்கா சட்டென்று திரும்பி அண்ணனைப் பார்த்தார். பார்த்துச் சிரித்தார்.

மூன்று வருஷத்தில் புருஷனைப் பார்த்து அவர் சிரித்த முதல் சிரிப்பு அது. அடுத்த வரி அக்காவுடையது.

அந்த வரிக்குப் போவதற்கு முன்னால் நான் கொஞ்சம் சுற்றிவர வேண்டியிருக்கிறது. நேராகப் போக மனசு வரவில்லை.

செருப்புக் கடையும் மைக்கும்

போன வாரம் செண்டை மேளக்காரர்களோடு நடந்த சண்டையை எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டுக் கடைக்கு வந்த ஒருவர், “இன்னா பாய், எழுதறதெல்லாம் சிரிப்பாவே இருக்குது, உங்க குழுவுல யாருமே அழுததில்லியா?” என்று கேட்டார். செருப்பைப் போட்டுப் பார்த்துவிட்டு வாங்காமலே போய்விட்டார். அது வேறு விஷயம். ஆனால் கேள்வி என்னோடு தங்கிவிட்டது.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: எனக்குக் கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் ஒரு செருப்புக் கடை. அப்பா வைத்தது. சாயங்காலமானால் தம்பியிடம் கடையை விட்டுவிட்டு இன்னிசைக் குழுவின் அறிவிப்பாளராக மேடை ஏறுவேன். “அன்பார்ந்த ரசிகப் பெருமக்களே” என்று தொடங்கினால் நிறுத்துவது கஷ்டம். எனக்குப் பாட வராது. சுருதி தெரியாது. ஹார்மோனியத்தில் எது கருப்பு, எது வெள்ளை என்பது மட்டும் தெரியும். இதை நான் ஒளித்துவைத்ததே இல்லை. ஆனால் இந்தக் கதையில் அதுவும் ஒரு காரணமாகிவிட்டது.

எங்கள் குழுவின் ஆண்குரல் தணிகாசலம் அண்ணன், பெண்குரல் மல்லிகா அக்கா. இரண்டு பேரும் புருஷன் பெண்டாட்டி. ஒவ்வொரு கச்சேரியிலும் நான் அவர்களை ஒரே மாதிரிதான் அறிமுகப்படுத்துவேன்: “மேடையில் மட்டுமல்ல, வீட்டிலும் ஜோடி!” அதற்குக் கைதட்டல் உறுதி.

முதல் சண்டை

அவர்கள் ஜோடியானதே ஒரு சண்டையில்தான். எலவனாசூர்கோட்டையில் ஒரு கல்யாண வரவேற்பு. அக்கா அப்போதுதான் குழுவுக்கு வந்திருந்தார். ஒரு பழைய டூயட். பல்லவியில் ஆண் கேட்பான், பெண் பதில் சொல்வாள். பாதியில் அண்ணனுக்கு வரி மறந்துபோனது. அக்கா கொஞ்சம்கூட யோசிக்காமல் அவருடைய கேள்வியையும் தானே பாடி, பதிலையும் தானே பாடினார். ஜனங்கள் அதைப் புதுமை என்று நினைத்து விசில் அடித்தார்கள்.

மேடைக்குப் பின்னால் வந்ததும் அக்கா பிடித்துக்கொண்டார். வரி தெரியாதவர் மேடை ஏறலாமா, இன்னொரு தடவை இப்படிச் செய்தால் பாதியிலேயே இறங்கிப் போய்விடுவேன் என்று பொரிந்து தள்ளினார். அண்ணன் பந்திக்கு வைத்திருந்த மைசூர்பாகை அக்காவிடம் நீட்டினார். அக்கா வாங்கித் தின்றுகொண்டே திட்டினார். கீபோர்டு ஆரோக்கியம் என் காதில் சொன்னான்: “பாய், இது கல்யாணத்துல போயி முடியும், பாத்துக்கினே இருங்க.”

முடிந்தது. வடக்கனந்தலில் அண்ணன் வீட்டில், அவர்கள் நிலத்து ஓரம் பந்தல் போட்டு, நாங்களே கச்சேரி வைத்தோம். மாப்பிள்ளையும் பொண்ணுமே எழுந்து வந்து அந்த டூயட்டைப் பாடினார்கள். மாலையைக் கழற்றவில்லை. அக்கா அன்றைக்குத் தன் பதில் வரியில் மேலே ஏறி நிற்கிற இடத்தை வலது கையைத் தூக்கிப் பிடித்தபடி பாடினபோது, பந்தலில் பரிமாறிக்கொண்டிருந்தவர்கள்கூட வாளியோடு நின்றுவிட்டார்கள். சுருதி தெரியாத எனக்கே உடம்பு சிலிர்த்தது.

பாட்டுக்குச் சொந்தக்காரி

எங்கள் தொழிலில் எழுதாத ஒரு சட்டம் உண்டு. ஒரு பாட்டை ஒருவர் பாடிப் பெயர் வாங்கிவிட்டால், குழுவில் அது அவருடைய பாட்டு. இன்னொருவர் தொடமாட்டார். ஆள் வரவில்லையென்றால் அந்தப் பாட்டு அன்றைக்குக் கிடையாது. அவ்வளவுதான். யார் கேட்டாலும் கிடையாது.

அந்த டூயட் மல்லிகா அக்காவின் பாட்டு.

ஒரு சமயம் அக்காவுக்குக் கடும் காய்ச்சல். சின்னசேலத்தில் ஒரு வரவேற்பு, முன்பே ஒப்புக்கொண்டது. அந்த ஊரிலேயே சுகந்தி என்று ஒரு இளம்பெண் நன்றாகப் பாடுவாள். அவளைச் சேர்த்துக்கொண்டு சமாளித்தோம். மாப்பிள்ளையின் அப்பா வந்து அந்த டூயட்டைக் கேட்டார். அண்ணன் மறுத்தார். அவர் விடவில்லை. கடைசியில் அண்ணன் பாடிவிட்டார், சுகந்தியோடு.

யாரோ அதைக் கைபேசியில் படம் எடுத்திருந்தார்கள்; மறுநாளே அது அக்காவின் கைக்கு வந்துவிட்டது. காய்ச்சலோடு படுத்துக்கொண்டு அக்கா அதை முழுசாகப் பார்த்தாராம். பார்த்து முடித்துவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்றோடு அண்ணனிடம் பேச்சை நிறுத்திவிட்டார்.

பாட்டுக்கா மூன்று வருஷம் பேசாமல் இருப்பார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. என் பெண்டாட்டியே கேட்டாள். ஊரில் ஒரு முழம் வரப்புக்காக அண்ணன் தம்பி ஆயுசுக்கும் பேசுவதில்லை, அதை யாரும் கேட்பதில்லை. அக்காவுக்கு இருந்த ஒரே நிலம் அந்தப் பாட்டு.

தூது

பேச்சுதான் இல்லையே தவிர, மற்றதெல்லாம் நடந்தது. ஒரே வீடு, ஒரே அடுப்பு. கச்சேரிக்கு ஒரே வண்டியில் அக்கா பின்னால் உட்கார்ந்து வருவார். மேடையில் அண்ணன் கண்ணைப் பார்த்துக் காதல் பாட்டுப் பாடுவார். இறங்கினதும் என்னைத் தேடுவார்.

“பாய், போவும்போது கேஸு சிலிண்டருக்குச் சொல்லிட்டுப் போவச் சொல்லுங்க.”

அண்ணன் ஒரு கை தூரத்தில்தான் நிற்பார். நான் அவரிடம் திரும்பி, “அண்ணே, கேஸுக்குச் சொல்லணுமாம்” என்பேன். அவர் என்னிடம், “சொல்லியாச்சின்னு சொல்லுங்க பாய்” என்பார். இப்படியே அரிசி, மாத்திரை, கரண்ட் பில், அண்ணனின் அக்கா மகள் சடங்குக்கு என்ன சீர் என்று எல்லாமே என் வழியாகத்தான் போனது. மூன்று பேருக்கும் பழகிவிட்டது. நான் ஊரில் இல்லாத நாட்களில் கைபேசியில் கூப்பிட்டு, பக்கத்தில் நிற்கிறவருக்குச் சொல்லச் சொல்வார்கள். குழுவில் எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

அப்புறம் ஒரு சமயத்திலிருந்து அக்கா அடிக்கடி ஒன்று சொல்ல ஆரம்பித்தார்.

“பாய், அவருக்குக் கொரலு உள்ள போயிக்கினே இருக்குது. கீழ எறங்கும்போது முனவுறாரு, கேக்கவே மாட்டேங்குது. வெந்நி குடிக்கச் சொல்லுங்க.”

நான் போய்ச் சொன்னேன். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு, “சரின்னு சொல்லுங்க” என்றார். எனக்கும் தெரிந்தது, அண்ணன் குரல் முன்போல் இல்லை. பாட்டின் பாதி இடங்களில் அவர் வாய் அசைவது தெரியும், சத்தம் வராது. வயசாகிறது என்று நினைத்தேன். ஜனங்களும் அப்படித்தான் நினைத்தார்கள். “ஆம்பள பாட்டு கம்மியா வையுங்க” என்று விழாக்காரர்களே சொல்லத் தொடங்கினார்கள். அண்ணன் அதையும் கேட்டுக்கொண்டார்.

அக்காவுக்கும் கொஞ்சம் கரகரப்பு இருந்தது. தூசு என்றார். பனங்கற்கண்டையும் மிளகையும் வாயில் அடக்கிக்கொண்டு மேடை ஏறுவார். மேலே போகிற வரி எப்போதும்போல் போய் நிற்கும். இறங்கி வந்து, “பாத்தீங்களா பாய், நம்ம தொண்டைக்கு ஒண்ணுமில்ல” என்பார்.

கரண்ட் போய் வந்தது

மலைக்குத் திரும்புகிறேன்.

இரண்டு பாட்டு முடிந்திருந்தது. மூன்றாவது அந்த டூயட். நான் அறிமுகம் சொல்லிக்கொண்டிருந்தபோதே கரண்ட் போனது. ஜெனரேட்டரை இழுத்து ஓட வைப்பதற்குள் நான் மைக் இல்லாமலே தொண்டை கிழியப் பேசி ஜனங்களைப் பிடித்துவைத்தேன். விளக்கு எரிந்தபோது அண்ணன் மேடைக்கு மறுபக்கம் கேபிளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். ஆரோக்கியம் அவசரமாகக் கீபோர்டைப் போட்டு, இடைவெளி விடக்கூடாதென்று உடனே முன்னிசையை வாசித்துவிட்டான். அண்ணன் ஓடிவந்து மைக்கைப் பிடித்தார். பாடினார். அந்தக் கணீர்க் குரல் வந்தது. அக்கா சிரித்தார்.

அடுத்து அக்கா பாடினார்.

முதல் இரண்டு சொல் வந்தது. மூன்றாவது சொல் காற்றாக வந்தது. அக்கா மைக்கைத் தட்டிப் பார்த்தார். மைக் நன்றாகத்தான் இருந்தது. மறுபடியும் முயன்றார். கழுத்து நரம்பு புடைத்தது. தகரத்தில் ஆணி கீறினமாதிரி ஒரு சத்தம் வந்தது. கீழே சின்னப் பிள்ளைகள் சிரித்தார்கள். பெரியவர்கள் யாரும் சிரிக்கவில்லை.

அண்ணன் மைக்கைக் கீழே வைத்துவிட்டு நேராகக் கீபோர்டுக்குப் போனார். ஆரோக்கியத்தின் கையைத் தள்ளிவிட்டு ஓரத்தில் இருந்த ஒரு சின்னப் பொத்தானை அழுத்தினார். மறுபடியும் மறுபடியும் அழுத்தினார். ஒவ்வோர் அழுத்துக்கும் பாட்டின் சுருதி ஒரு படி கீழே இறங்கியது. ஆரோக்கியம் தலை நிமிராமல் வாசித்துக்கொண்டிருந்தான். அந்தப் பொத்தான் எதற்கென்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அழுத்தினால் பாட்டு முழுசாகக் கீழே இறங்கும்; அக்காவுக்கு எட்டும், அண்ணன் குரல் அடியில் அமுங்கிப்போகும். கரண்ட் போய் வந்தால் மட்டும் கீபோர்டு பழைய இடத்துக்கே திரும்பிவிடும். அவசரத்தில் ஆரோக்கியம் அதை மறந்துவிட்டான்.

அக்கா அந்தப் பொத்தானையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மைக்கைத் தரையில் வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

மேடைக்குப் பின்னால் தார்ப்பாய் கட்டிய இடம். பெரிய பாத்திரத்தில் சாமைச் சோறு வடித்து வைத்திருந்தார்கள். நான் வழக்கம்போல் இரண்டு பேருக்கும் நடுவில் போய் நின்றேன். அக்கா என்னைப் பார்க்கவே இல்லை.

“எத்தினி கட்டை எறக்கியிருக்கீங்க?” என்றார், அண்ணனிடம், நேராக.

“ரெண்டு.”

“எப்பத்துலேந்து?”

“போன ஆடியிலேந்து கொஞ்சம் கொஞ்சமா.”

அக்கா சோற்றுப் பாத்திரத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். சூடு பட்டிருக்க வேண்டும், கையை எடுக்கவில்லை. “நான் உங்களுக்குத்தான் தொண்ட போச்சின்னு நெனச்சிக்கினு இருந்தேன்” என்றார். “ஊரே சிரிச்சிது உங்கள. வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா?”

“சொன்னா, சுகந்திய கூட்டியாரத்துக்குச் சொல்றேன்னு நெனச்சிருப்ப.”

அக்கா அப்படித்தான் நினைத்திருப்பார். அது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

இரண்டு பேரும் பேசிவிட்டார்கள் என்று நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். மூன்று வருஷமாக அதற்குத்தான் வேண்டிக்கொண்டிருந்தேன். தார்ப்பாயில் மழை விழ ஆரம்பித்தது. எனக்கு ஆத்திரம்தான் வந்தது. கிதார்க்காரனுக்குத் தெரியும், ஆரோக்கியத்துக்குத் தெரியும், தாளத்துக்குப் பேடு வாசிப்பவனுக்குத் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. கேஸையும் அரிசியையும் என்னிடம் சொல்லி அனுப்பினவர் இதை மட்டும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அக்காவிடம் அப்படியே போய்ச் சொல்லியிருப்பேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

டாக்டர் கேட்டது

அதற்கு அப்புறம் நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பாண்டிச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் அக்காவின் தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, குரல் எப்போதிலிருந்து மாறியது என்றுதான். அந்த அறையில் அண்ணன், ஆரோக்கியம், நான். ஆரோக்கியம் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தான். அண்ணன்தான் சொன்னார், போன ஆடி என்று. டாக்டர் பேனாவை நிறுத்திவிட்டு, “அப்பவே வந்திருந்தீங்கன்னா குரலையும் காப்பாத்தியிருக்கலாம்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

அக்காவுக்குத் தொண்டையில் புற்று. உயிர் தங்க வேண்டுமென்றால் குரல்வளையை எடுத்தாக வேண்டும் என்றார்கள். எடுத்தார்கள். கழுத்தில் ஒரு துளை, அதன் வழியாகத்தான் மூச்சு.

அண்ணன் அதைக் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. பெண்டாட்டி மேடையில் தலைகுனியக் கூடாதென்று தன் குரலைக் கிணற்றில் போட்டார். அவர் அப்படித் தாங்கிப் பிடித்ததால்தான் அக்காவுக்குத் தன் தொண்டையில் என்ன நடக்கிறதென்று தெரியாமலே போனது. யாரைக் குறை சொல்வதென்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. சில நாள் அண்ணன் மேல் கோபம் வரும், சில நாள் அந்தப் பொத்தானைக் கண்டுபிடித்தவன் மேல்.

வடக்கனந்தலில்

போன மாதம் ஆரோக்கியமும் நானும் அக்காவைப் பார்க்க வடக்கனந்தல் போனோம். கீபோர்டைக் கொண்டு வரச்சொல்லி அக்கா அண்ணனின் கைபேசியிலிருந்து செய்தி அனுப்பியிருந்தார். காலை வெயில் நன்றாக ஏறியிருந்தது. வாசலில் மக்காச்சோளம் காயப்போட்டிருந்தார்கள்.

உள்ளே அண்ணன் பேசிக்கொண்டே இருந்தார். இப்போதெல்லாம் அப்படித்தானாம். கரும்புக்குத் தண்ணீர் விட்டது, பக்கத்து வீட்டு மாடு சினையானது, மோட்டார் ரிப்பேர் என்று நாள் முழுக்க அக்காவிடம் சொல்லிக்கொண்டே இருப்பாராம். மூன்று வருஷம் சேர்த்துவைத்ததையெல்லாம் கொட்டுகிறார் என்று தோன்றியது. அக்கா கழுத்தில் ஒரு மெல்லிய துணியைச் சுற்றிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். ரொம்ப இளைத்துவிட்டார்.

காபி குடித்ததும் அக்கா கைதட்டிக் கூப்பிட்டார். என்னைத்தான். என்னைக் காட்டி, பிறகு அண்ணனைக் காட்டினார். பழைய வழக்கம். புருஷன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், பார்த்துக்கொண்டும் இருக்கிறார். இருந்தாலும் என் வழியாகத்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கீபோர்டைக் காட்டினார். அந்தப் பாட்டுதான் என்று கேட்காமலே புரிந்தது. ஆரோக்கியம் கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டான். அவன் விரல் பழக்கத்தில் அந்தப் பொத்தானுக்குப் போனது. அக்கா வேகமாகத் தலையசைத்தார். உள்ளங்கையை மேலே தூக்கிக் காட்டினார்.

“அண்ணே, பழைய சுருதியிலேயே பாடணுமாம்” என்றேன்.

அண்ணன் என்னையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் வரியைப் பாடினார். மலையில் வந்த அதே கணீர்க் குரல். வீட்டுக்குள் இன்னும் பெரிதாகக் கேட்டது.

அக்காவின் வரி வந்தது. ஆரோக்கியம் மட்டும் வாசித்தான். அக்கா கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்தார். ஒரு சொல் பிசகவில்லை. கழுத்துத் துணி மட்டும் மூச்சுக்கு ஏற்ப ஏறி இறங்கியது. மேலே போய் நிற்கிற இடத்தில் அக்கா வலது கையைத் தூக்கி அப்படியே பிடித்துக்கொண்டார், பந்தலில் மாலையோடு நின்று பாடிய அன்றைக்குப் பிடித்த மாதிரியே. வரி முடிந்ததும்தான் இறக்கினார்.

அடுத்தது அண்ணனின் வரி. அண்ணன் பாடவில்லை. வேட்டி நுனியை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆரோக்கியம் அதே இசையைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தான்.

அக்கா என்னைப் பார்த்துக் கைதட்டினார்.

“அண்ணே, உங்க வரி வந்திட்டுது” என்றேன். “அக்கா காத்துக்கினு இருக்காங்க.”